கேட்டுக்கு வெளியே ஓடிய வண்டிகள்

புனேயில் டெல்கோவின் கதையைக் கேட்டால் இன்ஜினியர்கள் சொல்வார்கள், யூனியன்காரர்கள் சொல்வார்கள், கேன்டீனில் வேலை பார்த்தவர்கூட ஒரு மணி நேரம் பேசுவார். அங்கே செய்த லாரியை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தவனை யாரும் கேட்பதில்லை. நான் அந்த வேலை பார்த்தவன். ராசிபுரத்துக்காரன், எண்பதுகளின் தொடக்கத்தில் இங்கே வந்து, நிகடியிலேயே தங்கிவிட்டேன்.

டெல்கோ, டாடாக்கள் 1945-இல் ஜாம்ஷெட்பூரில் தொடங்கிய கம்பெனி. 1954 முதல் 1969 வரை ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸோடு கூட்டு. அந்தக் காலத்து வண்டிகளின் மூக்கில் பென்ஸ் நட்சத்திரம் இருக்கும். புனேயை ஒட்டிய பிம்ப்ரிக்கு 1966-இல் வந்தார்கள். இங்கிருந்து முதல் லாரி வெளியே வந்தது 1977-இல். லாரி என்று பெயர்தான், கேட்டைத் தாண்டி வந்ததில் பெரும்பாலும் பாதி வண்டி: சேசிஸ், இன்ஜின், சக்கரம், ஸ்டீயரிங், முன்னால் ஒரு தகட்டு முகப்பு. கேபினும் பாடியும் வாங்குகிறவர் ஊர்ப் பட்டறையில் கட்டிக்கொள்வார்கள். எங்கள் பக்கத்து முதலாளிகளுக்கு நாமக்கல் பட்டறை. பிம்ப்ரிக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில் இருக்கும் ரோட்டில் அந்தப் பாதி வண்டியை ஓட்டிக்கொண்டு போவதுதான் எங்கள் பிழைப்பு.

கண்ணாடி கிடையாது, கூரை கிடையாது, கதவு கிடையாது. உட்காரப் பலகையில் அடித்த ஒரு பெட்டி, அதன்மேல் நாமே கொண்டுபோகும் கோணிச்சாக்கு. தலையைச் சுற்றி மப்ளர், கண்ணுக்கு மோட்டார் சைக்கிள்காரர் போடும் கண்ணாடி. மார்கழி இரவில் சாத்தாரா தாண்டிக் கராட் போவதற்குள் விரல் ஸ்டீயரிங்கோடு ஒட்டிக்கொள்ளும். டீக்கடையில் இறங்கினால் முதலில் கிளாசை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்போம், குடிப்பது அப்புறம். ஆடி மாதம் கம்பாட்கி கணவாயில் மழை எதிரே வந்து முகத்தில் அடிக்கும். உரச்சாக்கின் பிளாஸ்டிக் உறையில் மூன்று ஓட்டை போட்டு மாட்டிக்கொள்வோம். எதிரே வரும் லோடு வண்டி கிளப்பும் சேறும் கல்லும் நேராக நெஞ்சில்தான் விழும்.

குளிரையும் மழையையும்விட பிரேக்குக்குத்தான் பயம். காலி சேசிஸுக்குப் பின்பாரம் இல்லை. ஈர ரோட்டில் பிரேக்கை மிதித்தால் பின்சக்கரம் நின்றுவிடும், வண்டி நிற்காது. அதனால் இறக்கத்தில் கியரில்தான் இறங்க வேண்டும் என்று மூத்த டிரைவர்கள் அடித்துச் சொல்லிக் கொடுத்தார்கள். கோலாப்பூர், பெல்காம், ஹூப்ளி, தாவணகெரே, தும்கூர் என்று போகும் அந்தப் பழைய நாலாம் நம்பர் ரோட்டில் அப்படியே பழகினோம். ஓசூர் வழியாக வந்து தொப்பூர் கணவாயில் இறங்கும்போதுதான் அந்தப் பாடத்தின் அருமை தெரியும்.

எங்களுக்கு வேலை கொடுத்தவர் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்ட ஒரு டிரான்ஸ்போர்ட்காரர். பெயர் வேண்டாம். மாதச் சம்பளம் கிடையாது, ட்ரிப்புக்கு ஒரே தொகை. டீசல், சாப்பாடு, செக்போஸ்ட் மாமூல், திரும்பி வரப் பஸ் கட்டணம் எல்லாம் அதற்குள். மிச்சம் விழுந்தால் அதுதான் கூலி. புது இன்ஜின், வேகம் போகக் கூடாது என்பது ஒரு விதி. இந்த நாளுக்குள் போய்ச் சேர வேண்டும் என்பது இன்னொரு விதி. இரண்டையும் காப்பாற்ற ஒரே வழி தூங்காமல் ஓட்டுவது. ஸ்டெப்னி, ஜாக்கி, ஸ்பேனர் எல்லாவற்றையும் எண்ணிக் கையெழுத்து வாங்குவார்கள். எங்கள் பெயர் ஏறிய பதிவேட்டை மட்டும் நான் பார்த்ததே இல்லை. ஹெட்லைட் கண்ணாடி உடைந்தால் அடுத்த ட்ரிப்பில் பிடித்தம்.

இந்த ஒரே தொகைக் கணக்குதான், டீசலை மிச்சம் பிடிக்க, டிரைவரை இறக்கத்தில் நியூட்ரலுக்குத் தள்ளுகிறது. கியரை எடுத்துவிட்டால் இன்ஜின் பிடிக்காது, பிரேக் ஒன்றே கதி. இன்ஜினையே அணைத்துவிட்டால் காற்று பிரேக்குக்குக் காற்றும் ஏறாது. 2022 நவம்பர் 20 அன்று புனேயில் காத்ரஜ் புதுச் சுரங்கத்திலிருந்து நவலே பாலம் வரைக்கும் இறங்கும் சரிவில் ஒரு கனரக வண்டி வரிசையாக வாகனங்களை இடித்துத் தள்ளியது. பிரேக் பிடிக்கவில்லை என்றுதான் முதலில் பேச்சு. பிறகு, டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினார் என்று போலீஸ் சொன்னது. அவர் செய்தது தப்பு, அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் டீசலைக் கூலியோடு கலந்து கொடுக்கிற முறையை விட்டுவிட்டு டிரைவரை மட்டும் பிடித்தால் அந்தச் சரிவில் அடுத்த வண்டியும் அப்படியேதான் இறங்கும்.

நாங்கள் யாருடைய ஆட்கள்? இந்தக் கேள்வியை டெல்லி வரைக்கும் கொண்டுபோனவர்கள் ஜாம்ஷெட்பூர்க்காரர்கள். அங்கே எங்களைப் போலச் சேசிஸ் ஓட்டிய சுமார் 900 பேர் சங்கம் வைத்து, நாங்கள் டெல்கோவின் தொழிலாளர்கள், எங்களையும் நிரந்தரமாக்குங்கள் என்று கேட்டார்கள். அவர்கள் கம்பெனி ஆட்களே இல்லை என்று சொல்லி, தகராறைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்பப் பீகார் அரசு மறுத்தது. 1989 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட், அதைத் தீர்மானிப்பது அரசின் வேலையல்ல, தீர்ப்பாயம் விசாரிக்கட்டும் என்றது. செய்தி எங்களுக்கு டீக்கடை வழியாகத்தான் வந்தது, பாதிப் பொய்யோடு. எல்லோருக்கும் வேலை நிரந்தரமாகிவிட்டது என்றே ஒருவர் சொன்னார்!

அதே ஆண்டு செப்டம்பரில் புனேயில் ராஜன் நாயர் தலைமையில் டெல்கோ தொழிலாளர்கள் சனிவார் வாடா கோட்டை முன்னால் உண்ணாவிரதம் இருந்தார்கள். மாதக் கடைசியில் ஓர் இரவு போலீஸ் வந்து அள்ளிக்கொண்டு போனது. அந்தக் கூட்டத்தில் எங்களுக்கு இடமில்லை. யாரும் தடுக்கவில்லை, கூப்பிடவும் இல்லை. உள்ளே வேலை நின்றால் வெளியே எங்களுக்கு ட்ரிப் நிற்கும், அவ்வளவுதான் உறவு.

எங்கள் காலத்தில் சட்டம் இல்லாமல் இல்லை. 1961-இன் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளைக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி என்றது. தொலைதூர ஓட்டத்துக்கு அனுமதி வாங்கினால் பத்தும் 54-ம். ஆனால் ஐந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்துக்குத்தான் அது பொருந்தியது. இரண்டு வண்டி, மூன்று வண்டி வைத்திருக்கும் முதலாளிகளின் தொழிலில் அது யாரைப் பிடித்திருக்கும்?

எங்களுக்கு முன்னாலேயே இந்த ஊரில் வழி கண்டுபிடித்தவர்கள் ஹமால்கள். மூட்டை தூக்குகிறவனுக்கும் ஒரே முதலாளி கிடையாது. இன்றைக்கு ஒரு கடை, நாளைக்கு ஒரு கடை. பாபா ஆடாவ் ஐம்பதுகளில் அவர்களை ஹமால் பஞ்சாயத்தாகச் சேர்த்தார். 1969-இல் மகாராஷ்டிரத்தில் சுமை தூக்குகிறவர்களுக்கான மாத்தாடிச் சட்டம் வந்தது: கூலி வாரியத்தின் வழியாக வரும், அதன்மேல் வியாபாரி கட்டும் லெவியில் வைப்பு நிதியும் மருத்துவமும். 1974-இல் ஹமால் பஞ்சாயத்து தொடங்கிய ‘கஷ்டாச்சி பாக்கர்’ கடையில் நாங்களும் மலிவாகச் சாப்பிட்டிருக்கிறோம். மூட்டை இறக்கியவனுக்கு வாரியம் இருந்தது; அந்த மூட்டையைக் கொண்டுவந்துவிட்டு லாரியடியில் படுத்துக் காத்திருந்தவனுக்கு இல்லை. முதலாளி மாறிக்கொண்டே இருக்கும் தொழிலுக்கும் வாரியம் வைக்க முடியும் என்று நிரூபித்த ஊரில், எங்களை அப்படி யாரும் சேர்க்கவில்லை. நாங்களும் சேரவில்லை, தெலுங்கன், தமிழன், பஞ்சாபி, பீகாரி என்று ரோட்டில் பிரிந்துபோகிறவர்கள் சேருவது சுலபமில்லை. ஆனாலும் 2024 ஜனவரி முதல் இரண்டு நாள், இடித்துவிட்டு ஓடினால் பத்தாண்டு வரை சிறை என்ற புதுப் பிரிவுக்கு எதிராக டிரைவர்கள் வண்டியை நிறுத்தினார்கள். பெட்ரோல் பங்க்கில் கூட்டம் நெருக்கியபோதுதான் ஊர் எங்களைத் திரும்பிப் பார்த்தது.

இப்போது புது வண்டிகளை ட்ரெய்லரில் ஏற்றிக்கொண்டு போவதையும் பார்க்கிறேன். 2025-லிருந்து தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம். நல்ல சட்டம், கூரையே இல்லாமல் ஓட்டியவன் குறை சொல்ல மாட்டேன். போன மாதம் நிகடி டிரான்ஸ்போர்ட் நகரில் திருச்செங்கோட்டுப் பையன் ஒருவனைப் பார்த்தேன், ட்ரெய்லர் ஓட்டுகிறான். சாக்கனில் லோடு இறக்க முந்தின நாளிலிருந்து காத்திருந்தானாம். வண்டி பத்து நிமிஷம் நின்றால் ஆபீஸிலிருந்து போன் வரும், கேட்டில் ஒரு நாள் நின்றால் யாரும் கேட்பதில்லை என்றான். வேலைக்குச் சேர்ந்ததற்கு லெட்டர் ஏதாவது கொடுத்தார்களா என்று கேட்டேன்.

“செல்லுல ஒரு நம்பர் வந்துச்சுங்க பெரியப்பா. லெட்டரெல்லாம் யாரு குடுக்கறாங்க?”