ஓரறிவு முதல் ஆறறிவு வரை: தமிழ்ச் சமணம் கண்ட சமன்மை

உயிர்களை எவ்வாறு எண்ணுவது என்னும் வினாவிற்குச் சமணம் இயற்கையை நோக்கி விடை கண்டது. மண்ணும் நீரும் தீயும் காற்றும் மரமும் தொடுவுணர்வு ஒன்றே உடைய உயிர்கள். புழுவிற்குச் சுவையுணர்வும், எறும்பிற்கு மோப்பமும், வண்டிற்குப் பார்வையும் படிப்படியாகக் கூடுகின்றன. விலங்கிற்கும் மனிதர்க்கும் செவியுணர்வும் சேர ஐம்பொறிகளும் நிறைகின்றன. ஐம்பொறி உயிர்களுள் மனம் உடையவை, மனம் இல்லாதவை என மேலும் ஒரு பிரிவு உண்டு. இப்பட்டியலில் மனிதர்க்கு ஓரிடமே உள்ளது. அரசன், உழவன், ஆண்டான், ஏவலன் என்னும் வேறுபாட்டிற்கு அதில் இடமே இல்லை.

தொல்காப்பிய மரபியலிலும் இதனை ஒத்த வகைப்பாடு காணப்படுகிறது. புல்லும் மரமும் ஓரறிவின, மக்கள் ஆறறிவினர். தொடுதல், சுவைத்தல், மோத்தல், காணல், கேட்டல் என்னும் வரிசையும் சமண நூல்களின் வரிசையோடு பொருந்துகிறது. அதே மரபியலில் அந்தணர், அரசர், வைசிகர், வேளாளர் என்னும் நால்வகைப் பாகுபாடும் இடம்பெற்றுள்ளது என்பதை மறைத்தல் தகாது. ஆயினும் அப்பாகுபாடு தொழிலையும் உரிமையையும் பற்றியது. உயிரை அறிவால் எண்ணும் பகுதியில் அது நுழையவில்லை. சமூகம் மக்களைப் பிரித்து வைத்த இடத்திலும் இயற்கை அவர்களை ஒன்றாகவே வைத்திருந்தது என்பதற்கு அந்நூலே சான்றாகிறது.

தீர்த்தங்கரரின் சமவசரணத்தைப் பற்றிய மரபும் இக்கருத்தையே காட்சியாக்குகிறது. அங்குள்ள பன்னிரண்டு அவைகளுள் துறவியரும் இல்லறத்தாரும் தேவரும் மட்டுமன்றி விலங்குகளும் அமர்ந்து அறம் கேட்கின்றன. பசுவும் புலியும் பகை மறந்து அமரும் அவையில், மனிதர் மனிதரை விலக்கி வைக்க வழியேது?

இந்நெறி ஏட்டளவில் நின்றதா, வாழ்விலும் நடந்ததா? இவ்வினாவிற்குப் பாறைகள் விடை தருகின்றன. கரூரை அடுத்த புகழூர் ஆறுநாட்டார் மலையில், சேரன் இளங்கடுங்கோ இளவரசன் ஆனபோது செங்காயபன் என்னும் முதிய துறவிக்கு உறைவிடம் அமைக்கப்பட்டது. ‘அமணன்’ என்ற சொல்லே அக்கல்வெட்டில் உள்ளது. அதே மலையில் கருவூர்ப் பொன் வணிகன் ஒருவன் அளித்த கொடையும் பொறிக்கப்பட்டுள்ளது. மதுரையை அடுத்த அழகர்மலைக் குகைத்தளத்தில் உப்பு வணிகன், கொழு வணிகன், பொற்கொல்லன் ஆகியோர் பெயர்கள் ஒரே பாறைக் கூரையின்கீழ் நிற்கின்றன. உப்பு விற்றவனும் பொன்னில் வேலை செய்தவனும் ஒரே அறத்திற்குக் கொடையாளர் ஆயினர்.

பெண்மக்கள் பெற்ற இடமும் கருதத்தக்கது. பெண்களின் வீடுபேறு குறித்துத் திகம்பரர்க்கும் சுவேதாம்பரர்க்கும் கொள்கை வேறுபாடு உண்டு. எனினும் தமிழகத்துத் திகம்பர மரபில் ‘குரத்தியர்’ எனப்பட்ட பெண் ஆசிரியர்கள் சிறப்புற்று விளங்கினர். கழுகுமலைக் கல்வெட்டுகள் அவர்தம் பெயர்களைத் தாங்கி நிற்கின்றன. வந்தவாசிப் பகுதியிலுள்ள வேடல் ஊரின் 9-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, குணகீர்த்தி படாரரின் மாணாக்கியாகிய கனகவீரக் குரத்தியாரைக் குறிப்பிடுகிறது. அவரைச் சார்ந்த ஐந்நூற்றுவர்க்கும் வேறு நானூறு தவத்தினர்க்கும் இடையே ஒத்துப்போகாத நிலை எழுந்தது. அப்போது ஊரார் முன்வந்து, அக்குரத்தியாரையும் அவர் வழி மாணாக்கியரையும் தாமே காத்து உணவளிப்பதாக உறுதி ஏற்றனர்.

இக்கல்வெட்டு நமக்குப் பெருமையோடு ஒரு பாடத்தையும் தருகிறது. அறநெறியில் நின்றோரிடையேயும் பிணக்கு எழக்கூடும். கொள்கை இருந்தால் மட்டும் நீதி தானே விளைந்துவிடாது. இடருற்றவர்க்காக எவரேனும் எழுந்து நின்று பொறுப்பேற்றால்தான் அது நிலைபெறும். வேடல் ஊரார் அதனைச் செய்தனர். செய்ததைக் கல்லிலும் வெட்டி வைத்தனர்.

தமிழ்ச் சமணர் நெடுங்காலமாக நிலத்தோடு வாழ்ந்த குடியினர். நீரை வடிகட்டிப் பருகுவதும், பொழுது சாயுமுன் உண்பதும் சிற்றுயிர்க்கும் தீங்கு நேராதிருத்தற்பொருட்டே இல்லங்கள்தோறும் காக்கப்பட்டு வந்தன. எறும்பிற்கு இத்துணை இரங்கும் கை, களத்தில் நெல் தூற்றியவர்க்குக் கூலி அளக்கும்போதும், வாசலில் நின்றவர்க்குத் தண்ணீர் தரும்போதும் அதே இரக்கத்தோடு இயங்கியதா என்று ஒவ்வொரு தலைமுறையும் தன்னைத்தானே கேட்டல் வேண்டும். ஓரறிவுயிரைக் காத்து ஆறறிவுயிரை இழிவுசெய்தால் அந்நோன்பு நிறைவுறாது.

உணவு, அடைக்கலம், மருந்து, கல்வி என்னும் நால்வகைத் தானங்களும் பெறுபவரின் பிறப்பைக் கேட்டு வகுக்கப்பட்டவை அல்ல. பசியும் அச்சமும் பிணியும் அறியாமையும் எல்லார்க்கும் பொது. மழை வயல் பார்த்துப் பெய்வதில்லை. மரம் ஆள் பார்த்து நிழல் தருவதில்லை. திருவிழா நாளில் விரிக்கப்படும் பந்தியும், அறநிலையங்கள் வழங்கும் கல்வியுதவியும் அவ்வாறே அமையுமாயின், புகழூர்ப் பாறையும் வேடல் கல்லும் காட்டிய வழி இன்றும் தொடர்வதாகும்.