பி-என் சந்தி மின்னழுத்தமும் வெப்பநிலையும்

பி-என் சந்தி மின்னழுத்தம் என்பது, குறைகடத்தி ஒன்றின் நேர்வகைப் பகுதியும் எதிர்வகைப் பகுதியும் கூடும் சந்தியின் வழியே முன்னோக்குத் திசையில் மின்னோட்டம் பாயும்போது, அச்சந்தியின் இருபுறங்களுக்கும் இடையே காணப்படும் மின்னழுத்தம் ஆகும். டையோடு, டிரான்சிஸ்டர், சூரிய மின்கலம் ஆகியவை இச்சந்தியை அடிப்படையாகக் கொண்டவை. இம்மின்னழுத்தம் சிலிக்கான் டையோடில் பொதுவாக 0.6 முதல் 0.7 வோல்ட் வரையும், செருமேனியம் டையோடில் 0.2 முதல் 0.3 வோல்ட் வரையும் இருக்கும். இது ஒரு மாறிலி அன்று. மின்னோட்டம் மிகுந்தால் சிறிதளவு உயரும். வெப்பநிலை மிகுந்தால் குறையும்.

மின்னோட்டத்துடன் உள்ள தொடர்பு

சந்தியில் இயல்பாக அமையும் மின்னழுத்த அரண், எலக்ட்ரான்களும் துளைகளும் மறுபுறம் செல்வதைத் தடுக்கிறது. முன்னோக்கு மின்னழுத்தம் அவ்வரணின் உயரத்தைக் குறைக்கிறது. அதனால் அரணைத் தாண்டும் ஆற்றல் பெற்ற மின்னூட்டத் துகள்களின் எண்ணிக்கை அடுக்கேற்ற முறையில் பெருகுகிறது. இத்தொடர்பினை அமெரிக்க இயற்பியலாளர் வில்லியம் சாக்லி 1949 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் விளக்கினார். அவருடைய சமன்பாடு பின்வருமாறு:

மின்னோட்டம் = தெவிட்டு மின்னோட்டம் × [அடுக்கேற்றம் (சந்தி மின்னழுத்தம் ÷ வெப்ப மின்னழுத்தம்) − 1]

இங்கு அடுக்கேற்றம் என்பது, ஏறத்தாழ 2.718 என்னும் எண்ணை அடைப்புக்குள் உள்ள அளவிற்கு அடுக்காக உயர்த்துவதைக் குறிக்கும். தெவிட்டு மின்னோட்டம் என்பது, பின்னோக்குத் திசையில் இலட்சியச் சந்தி ஒன்றில் கசியும் மிகச் சிறிய மின்னோட்டம் ஆகும். வெப்ப மின்னழுத்தத்தின் வரையறை:

வெப்ப மின்னழுத்தம் = போல்ட்சுமன் மாறிலி × தனி வெப்பநிலை ÷ எலக்ட்ரானின் மின்னூட்ட அளவு

300 கெல்வின் வெப்பநிலையில் இதன் மதிப்பு ஏறத்தாழ 25.85 மில்லிவோல்ட். எனவே, அவ்வெப்பநிலையில் மின்னோட்டத்தைப் பத்து மடங்காக்க, சந்தி மின்னழுத்தம் ஏறத்தாழ 60 மில்லிவோல்ட் மட்டுமே உயர்ந்தால் போதும். நடைமுறைக் கருவிகளில் வெப்ப மின்னழுத்தத்தை 1 முதல் 2 வரையிலான ஒரு காரணியால் பெருக்கிக் கொள்வர்.

வெப்பநிலையுடன் உள்ள தொடர்பு

மேற்கண்ட சமன்பாட்டை மேலோட்டமாக நோக்கின், வெப்பநிலை உயரும்போது வெப்ப மின்னழுத்தமும் உயர்வதால், சந்தி மின்னழுத்தமும் உயர வேண்டும் என்று தோன்றும். ஆய்வில் காணப்படுவதோ இதற்கு நேர்மாறானது. தெவிட்டு மின்னோட்டமும் வெப்பநிலையைச் சார்ந்தது என்பதே இதற்குக் காரணம். வெப்பம் மிகும்போது சிலிக்கானின் ஆற்றல் இடைவெளியைத் தாண்டும் எலக்ட்ரான்கள் விரைந்து பெருகுகின்றன. கோட்பாட்டின்படி, அறை வெப்பநிலைக்கு அருகில் ஏறத்தாழ ஒவ்வொரு 5 பாகை செல்சியசு உயர்வுக்கும் தெவிட்டு மின்னோட்டம் இரு மடங்காகிறது.

எடுத்துக்காட்டாக, 300 கெல்வினில் 0.65 வோல்ட் கொண்ட சிலிக்கான் சந்தி ஒன்றில் மின்னோட்டம் மாறாமல் வைக்கப்பட்டுள்ளதெனக் கொள்க. வெப்பநிலை 1 பாகை உயர்ந்தால், வெப்ப மின்னழுத்தத்தின் உயர்வால் சந்தி மின்னழுத்தம் ஏறத்தாழ 2.2 மில்லிவோல்ட் கூடும். தெவிட்டு மின்னோட்டத்தின் உயர்வாலோ ஏறத்தாழ 4.2 மில்லிவோல்ட் குறையும். நிகர விளைவு, பாகைக்கு ஏறத்தாழ 2 மில்லிவோல்ட் இறக்கம் ஆகும்.

வெப்பப் பெருக்கம்

மின்னோட்டத்திற்குப் பதிலாக மின்னழுத்தம் மாறாமல் வைக்கப்பட்டால், 10 பாகை உயர்வில் மின்னோட்டம் இரு மடங்கிற்கும் சற்று மிகும். மிகுந்த மின்னோட்டம் சந்தியை மேலும் சூடாக்கும்; அச்சூடு மின்னோட்டத்தை மேலும் மிகுவிக்கும். வெப்பம் போதிய அளவு வெளியேறாவிடில், இச்சுழற்சி டிரான்சிஸ்டரை எரித்து விடக்கூடும். இதனைத் தவிர்க்க, டிரான்சிஸ்டரின் உமிழ்வாயில் சிறு மின்தடை ஒன்று இணைக்கப்படுகிறது. ஒலிபெருக்கிச் சுற்றுகளில், சார்பு மின்னழுத்தம் தரும் டையோடினைத் திறன் டிரான்சிஸ்டர் பொருத்தப்பட்ட அதே உலோகத் தகட்டில் பொருத்துவதும் உண்டு. டிரான்சிஸ்டர் சூடாகும்போது டையோடும் சூடாகி, அதன் மின்னழுத்தம் குறைவதால், மின்னோட்டம் கட்டுக்குள் நிற்கிறது.

சூரிய மின்கலத்திலும் இவ்விளைவு உண்டு. சிலிக்கான் மின்கலத்தின் திறந்த சுற்று மின்னழுத்தம் பாகைக்கு ஏறத்தாழ 2 மில்லிவோல்ட் குறைகிறது. மின்கலங்கள் 25 பாகை செல்சியசில் மதிப்பிடப்படுகின்றன. வெயிலில் 60 பாகையை எட்டும் மின்கலம் ஒவ்வொன்றும் 70 மில்லிவோல்ட் இழக்கும். 60 மின்கலங்கள் தொடராக இணைந்த பலகையில் இவ்விழப்பு ஏறத்தாழ 4.2 வோல்ட் ஆகும்.

பயன்கள்

வெப்பநிலை அளத்தல்: ஒரே சந்தியில் 1:10 என்னும் விகிதத்தில் இரு மின்னோட்டங்களை மாறிமாறிச் செலுத்தி, கிடைக்கும் மின்னழுத்தங்களின் வேறுபாடு அளக்கப்படுகிறது. இவ்வேறுபாட்டில் தெவிட்டு மின்னோட்டம் நீங்கி விடுகிறது. எனவே, அது தனி வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் அமைகிறது; 300 கெல்வினில் ஏறத்தாழ 59.5 மில்லிவோல்ட். கணினிச் செயலிகளின் சூட்டை அறிய இம்முறை பயன்பட்டு வருகிறது.

மேற்கோள் மின்னழுத்தம்: வெப்பத்தால் உயரும் இவ்வேறுபாட்டைத் தக்கவாறு பெருக்கி, வெப்பத்தால் குறையும் சந்தி மின்னழுத்தத்துடன் கூட்டினால், வெப்பநிலையால் பெரிதும் மாறாத ஏறத்தாழ 1.2 வோல்ட் கிடைக்கிறது. இது சிலிக்கானின் ஆற்றல் இடைவெளியை ஒட்டிய மதிப்பாகும். இத்தகைய சுற்றினை டேவிட் இல்பைபர் 1964 இல் விவரித்தார். பாபு விட்லர் 1971 இலும், பால் புரோக்கா 1974 இலும் வெளியிட்ட வடிவங்கள் தொகுப்புச் சுற்றுகளில் பரவலாயின.