கழுவிய கைகளும் காக்கப்படும் மூளையும்

கொட்டகலையாயினும் டிக்கோயாவாயினும், மலையக வைத்தியசாலைகளில் கைகழுவும் முறையை விளக்கும் படத்தைப் பொதுவாகக் காணலாம். அப்படத்தின் பின்னால் ஒரு மனிதரின் துயர வரலாறு உள்ளது. அவர்தான் ஹங்கேரிய வைத்தியர் இக்னாஸ் செம்மல்வைஸ். 1818 ஆம் ஆண்டு, இன்றைய புடாபெஸ்ட் நகரின் ஒரு பகுதியான புடாவில் பிறந்தவர்.

அவர் பணியாற்றிய வியன்னா பொது வைத்தியசாலையில் இரு பிரசவப் பிரிவுகள் இருந்தன. ஒன்றில் மருத்துவ மாணவர்களும் மற்றதில் மருத்துவிச்சிகளும் பயிற்சி பெற்றனர். 1846 இல் மாணவர் பிரிவில் 4010 பிரசவங்களில் 459 தாய்மார் உயிரிழந்தனர். மருத்துவிச்சிகளின் பிரிவில் 3754 பிரசவங்களில் இறந்தோர் 105 பேரே. மறு ஆண்டு, பிரேத பரிசோதனையின்போது கத்தி பட்டுக் காயமுற்ற அவரது நண்பர் கொலெட்ச்கா, பிரசவக் காய்ச்சலுக்கு ஒப்பான நோயினால் மாண்டார். பிணத்தைத் தொட்ட கைகளே பிரசவ அறைக்கும் நோயைக் கொண்டு செல்கின்றன என்பது செம்மல்வைஸுக்குத் தெளிவாயிற்று. 1847 மே மாதம் குளோரின் கலந்த நீரில் கைகழுவுவதைக் கட்டாயமாக்கினார். 1848 இல் அதே பிரிவில் 3556 பிரசவங்களுக்கு 45 மரணங்களே நிகழ்ந்தன.

ஆயினும் அன்றைய பேராசிரியர்களுள் பலர் இதனை ஏற்கவில்லை. தம் கையே எமனாயிற்று என்பதை ஒப்புக்கொள்ள எந்த வைத்தியரின் மனம்தான் எளிதில் இசையும்?

அவரது இறுதிக்காலமே நரம்பியலாளரின் கவனத்தை ஈர்த்தது. நாற்பதுகளின் நடுவில் அவரது நடத்தை மாறத் தொடங்கியது. 1865 ஜூலை இறுதியில் வியன்னாவின் மனநோயாளர் இல்லமொன்றில் சேர்க்கப்பட்ட அவர், ஆகஸ்ட் 13 ஆம் திகதி, 47 ஆவது வயதில் காலமானார். பிரேத பரிசோதனையில் சுருங்கிய மூளையும், முண்ணாண் சிதைவும், அழுகிய கைவிரலும் பதிவாயின. நரம்பு மண்டலத்தைத் தாக்கிய மேகநோய் என்பார் சிலர். இளவயதிலேயே தோன்றிய அல்சைமர் என்பார் வேறு சிலர். முடிவு எட்டப்படவில்லை. உயிரைப் பறித்தது, அவர் பிறரிடம் தடுக்கப் போராடிய அதே இரத்த நச்சுத்தன்மைதான். இதற்கு முந்தைய நாளில்தான் ஸ்கொட்லாந்தில் ஜோசப் லிஸ்டர் கார்போலிக் அமிலத்தால் ஒரு சிறுவனின் காயத்தைக் கட்டினார்.

எனினும் அவரது நோயைவிட, அவர் வலியுறுத்திய பழக்கமே நரம்பியலுக்குக் கூடுதல் தொடர்புடையது எனலாம். பச்சிளங் குழந்தைகளின் ஏற்புவலியை நோக்குவோம். மண்ணிலும் சாணத்திலும் உள்ள கிருமி, அசுத்தமான கையாலோ கத்தியாலோ தொப்புள்கொடிக்குள் நுழைகிறது. அதன் நஞ்சு நரம்புகளின் வழியே முண்ணாணை அடைந்து, தசைகளைத் தளர்த்தும் சமிக்ஞைகளைத் தடுக்கிறது. பிறந்து ஒரு வாரமளவில் குழந்தை பாலருந்த இயலாமற்போய், உடல் வில்லாய் வளைகிறது. கர்ப்பிணிகளுக்கான தடுப்பூசியும் சுத்தமான பிரசவமும் இந்நோயை இலங்கையிலிருந்து ஏறத்தாழ அகற்றிவிட்டன. இளம்பிள்ளைவாத வைரஸும் அசுத்தமான கைகளின் வழியே பரவக்கூடியதே.

முஸ்லிம் வாசகர்கள் அறியவேண்டிய செய்தியொன்றும் உண்டு. பன்றி நாடாப்புழுவின் முட்டைகள் வயிற்றுக்குள் சென்றால், அதன் குடம்பிகள் மூளையில் தங்கி வலிப்பை உண்டாக்கும். பன்றி இறைச்சி உண்ணாதவர் இதற்குத் தப்பியவர் என எண்ணுவது தவறு. புழுவுள்ள ஒருவர் மலங்கழித்தபின் கைகழுவாது சமைத்த எந்த உணவிலும் முட்டைகள் இருக்கலாம். 1990களின் தொடக்கத்தில் நியூயோர்க்கில், பன்றியை விலக்கிய யூதக் குடும்பங்களிலேயே இந்நோய் காணப்பட்டது. வீட்டுப் பணியாளர்கள் மூலம் அது வந்திருக்கலாம் என ஆய்வாளர்கள் கருதினர்.

மலையகத்துக்கு இது புதிய பாடமன்று. 1916 இலேயே தோட்டங்களில் கொளுக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் ஆரம்பமானது. இரத்தசோகையால் வாடும் பிள்ளையின் மூளை வளர்ச்சியும் குன்றும் என்பதை இன்று அறிவோம். ஆனால் கைகழுவ நீர் வேண்டுமே! தை, மாசி மாதங்களில் பீலி நீர் வற்றும் லயன்களில், கொழுந்து பறித்துத் திரும்பும் தாய் குழந்தைக்குப் பாலூட்டுமுன் கைகழுவ எங்கே செல்வாள்? பிள்ளை மடுவம் ஒவ்வொன்றிலும் ஆண்டு முழுவதும் ஓடும் குழாயும் ஒரு துண்டுச் சவர்க்காரமும் இருப்பதைத் தோட்ட நிர்வாகங்களும் சுகாதாரப் பகுதியினரும் உறுதிசெய்வது, இதற்கான பெருஞ் செலவெதையும் வேண்டாத முதற்படியாகும்.