கைக்கு வராத சம்பளத்துக்கு வரியா? துறவற சபை பாதிரியார்கள் எப்படி வாழ்கிறார்கள்?

அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் ஒரு பாதிரியார் ஆசிரியராக இருக்கிறார். மற்ற ஆசிரியர்களைப் போலவே அவருக்கும் மாதச் சம்பளம் வருகிறது. ஆனால், அதில் ஒரு ரூபாயைக்கூட அவர் தனக்கென்று வைத்துக்கொள்ள முடியாது. முழுவதும் அவருடைய சபைக்குப் போய்விடும். அப்படின்னா, அந்தச் சம்பளத்துக்கு வருமான வரி உண்டா?

தமிழ்நாட்டில் கிளம்பிய இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. 2024 நவம்பரில் தீர்ப்பும் வந்தது. அதைப் புரிந்துகொள்ள, இவர்கள் வாழும் முறையை முதலில் பார்க்கலாம்.

எல்லா பாதிரியார்களும் ஒரே மாதிரியா?

இல்லை. கத்தோலிக்கத் திருச்சபையில் இரண்டு வகை குருக்கள் உண்டு.

மறைமாவட்ட குருக்கள் அந்தந்தப் பகுதி ஆயருக்குக் கீழ் பணியாற்றுபவர்கள். நம்ம ஊர் பங்குக் கோயில்களில் பெரும்பாலும் பார்ப்பது இவர்களைத்தான். திருமணம் செய்வதில்லை, ஆயருக்குக் கீழ்ப்படிவேன் என்று இவர்கள் உறுதி தருகிறார்கள். ஆனால், சொந்தமாகப் பணமோ சொத்தோ வைத்துக்கொள்ளத் தடையில்லை.

இன்னொரு வகை, துறவற சபை குருக்கள். இயேசு சபை, சலேசிய சபை போன்றவற்றைச் சேர்ந்தவர்கள். கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் என்ற மூன்று வார்த்தைப்பாடுகளை எடுப்பவர்கள். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரி, சென்னை லயோலா கல்லூரி இரண்டையும் நடத்துவது இயேசு சபை. டான் பாஸ்கோ பள்ளிகள் சலேசியர்களுடையவை.

பாதிரியார் ஆக எத்தனை வருஷம்?

1540-ல் போப் மூன்றாம் பவுலின் ஒப்புதல் பெற்ற இயேசு சபையையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். 'இறையழைத்தல்' இருப்பதாக நினைத்து வரும் இளைஞர், முதல் 2 ஆண்டுகள் நவதுறவியாக இருப்பார். ஜெபம், 30 நாள் மௌன தியானம், வீட்டு வேலை, ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் சேவை என்று போகும் காலம் அது. அதன் பிறகுதான் முதல் வார்த்தைப்பாடு.

அடுத்து தத்துவப் படிப்பு, இடையில் பள்ளி போன்ற இடங்களில் களப்பணி, பிறகு இறையியல். குருவாக அருள்பொழிவு பெறப் பொதுவாக 10 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். நடுவில் "இது எனக்குச் சரிவராது" என்று விலகுபவர்களும் உண்டு. சபையே சிலரைத் திருப்பி அனுப்புவதும் உண்டு.

போப் எங்கே அனுப்பினாலும் போவேன் என்ற நான்காவது வார்த்தைப்பாடும் இந்தச் சபையில் பலருக்கு உண்டு. வெளிநாடு போய்ப் பணியாற்றுவது இவர்களுக்குப் புதிதல்ல. போர்ச்சுக்கலில் இருந்து வந்து 1693-ல் ஓரியூரில் கொல்லப்பட்ட அருளானந்தரும், இத்தாலியில் இருந்து வந்த வீரமாமுனிவரும் இயேசு சபையினர்தான்.

ஒரே வீடு, ஒரே கஜானா

இவர்கள் தனித்தனியாக வாழ்வதில்லை. ஒரு இல்லம், ஒரு சமையலறை, அதற்கு ஒரு தலைவர். கல்லூரி முதல்வராக இருப்பவரும், நேற்று குருவானவரும் ஒரே மேசையில் சாப்பிடுவார்கள்.

சம்பாதிப்பது எல்லாம் பொதுக் கஜானாவுக்கு. உடை, பயணம், மருந்துச் செலவு எல்லாம் அங்கிருந்துதான் வரும். வயதானாலும் நோயில் விழுந்தாலும் சபையே பார்த்துக்கொள்ளும். ஊரில் அப்பா அம்மா கஷ்டப்பட்டால்கூட, பொறுப்பாளரைக் கேட்காமல் அவராகப் பணம் அனுப்ப முடியாது. இடமாற்றம் என்றால் கிளம்ப வேண்டியதுதான்.

பல வருஷம் உழைத்துவிட்டுச் சபையை விட்டு வெளியேறினால்? செய்த வேலைக்கு எதையும் உரிமையாகக் கேட்க முடியாது என்கிறது திருச்சபைச் சட்டம். ஆனால், வெளியேறுபவரிடம் நியாயத்தோடும் அன்போடும் நடந்துகொள்ள வேண்டும் என்று சபையிடமும் அதே சட்டம் சொல்கிறது.

வழக்கு எப்படி வந்தது?

சபைக்கே போய்விடும் வருமானம் என்பதால் 1944, 1977 ஆண்டுகளின் சுற்றறிக்கைகளைக் காட்டி வரிவிலக்கு கேட்கப்பட்டு வந்தது. 2014-ல் வருமான வரித்துறை, துறவிகளின் சம்பளத்திலும் டிடிஎஸ் பிடிக்கச் சொன்னது. சபைகள் நீதிமன்றம் போயின. 2019-ல் சென்னை உயர் நீதிமன்ற டிவிஷன் பெஞ்ச் வரித்துறைக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. மேல்முறையீடு செய்த 90-க்கும் மேற்பட்ட மனுக்களை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

காரணம் எளிமையானது. சம்பளம் தரப்படுவது வேலை பார்க்கும் நபருக்கு. வாங்கிய பிறகு அதைச் சபைக்குக் கொடுப்பது அவர் விருப்பம். திருச்சபைச் சட்டம் வருமான வரிச் சட்டத்தைத் தாண்ட முடியாது.

இனி என்ன?

அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரிகளில் வேலை பார்க்கும் அருட்சகோதரிகளுக்கும் இதே விதிதான். வரி வரம்புக்குள் வரும் சம்பளத்தில் டிடிஎஸ் போக மீதிதான் இல்லத்தின் கஜானாவுக்குப் போய்ச் சேரும். முதியோர் பராமரிப்பு, புதியவர்களின் படிப்புச் செலவு எல்லாம் அதிலிருந்துதான்.

ஆக, தனக்கென்று எதுவும் இல்லை என்று வார்த்தைப்பாடு கொடுத்தவர், சபையின் கணக்கில் ஏழை. வரித்துறையின் கணக்கில் பான் எண்ணோடு வருமானம் உள்ள ஒரு தனிநபர்.