காதுக்கு வந்த மலை

போடிநாயக்கனூரிலிருந்து முந்தல் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் போடிமெட்டில் கேரளத்துக்குள் நுழைகிறது சாலை. அந்த மலையின் அடிவாரத்தில், சில மணி நேரப் பயணத்தில் சுற்றி வந்துவிடக்கூடிய ஊர்களிலிருந்து கிளம்பியவர்களை விட்டுவிட்டு 1976-க்குப் பிந்தைய தமிழ் சினிமாவின் கதையைச் சொல்ல முடியாது. பண்ணைப்புரத்து இளையராஜாவும் கங்கை அமரனும், தேனி அல்லிநகரத்துப் பாரதிராஜா, வடுகபட்டியில் வளர்ந்த வைரமுத்து என்று அந்தப் பட்டியல் எல்லா ரசிகர்களுக்கும் மனப்பாடம். இத்தனை பேரைத் தந்த மலை என்பதால், திரையில் இந்த மலை தொடக்கத்திலிருந்தே இருந்தது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். அது உண்மையல்ல. தமிழ் சினிமா இந்த மலையை முதலில் காதால்தான் வாங்கிக்கொண்டது. கண்ணால் பார்க்க அதற்கு நெடுங்காலம் ஆயிற்று. பார்த்தபோதும் அங்கே நடக்கிற வேலையை விட்டுவிட்டு மரத்தையும் மூடுபனியையும்தான் பார்த்தது.

முதல் சான்று பாரதிராஜாவின் ‘16 வயதினிலே’. 1977-இல் வெளிவந்த அந்தப் படத்தின் மயிலும் சப்பாணியும் பரட்டையும் பேசுவது வைகைக் கரையின் பேச்சு. தேனி தனி மாவட்டமானது 1996-இல்தான்; அன்றைக்கு அது மதுரை ஜில்லா, ஆகவே பத்திரிகைகளுக்கு அது மதுரைத் தமிழ். ஆனால் படம் எடுக்கப்பட்டது கர்நாடகத்தின் கொள்ளேகால் பக்கம். 1985-இல் வந்த அவருடைய ‘முதல் மரியாதை’யின் ஆறும் பரிசலும் தலக்காட்டுக் காவிரியைச் சேர்ந்தவை. இளையராஜாவின் முதல் படமான ‘அன்னக்கிளி’க்கும் நீலகிரி மாவட்டத்துத் தெங்குமரஹாடா போதுமானதாக இருந்தது. இதற்குக் காரணங்கள் உண்டு. பாரதிராஜா கன்னட இயக்குநர் புட்டண்ணா கணகாலிடம் தொழில் கற்றவர். வெளிப்புறப் படப்பிடிப்பின் ருசியும் அந்த நிலத்தின் பழக்கமும் அவருக்கு அங்கிருந்து வந்தவை. இன்னொரு காரணம் இயந்திரம் சார்ந்தது. அன்று வெளிப்புறத்துக்குத் தூக்கிப்போன கேமராக்கள் ஓடும்போது கடகடவென்று சத்தம் போடும். அந்த இடத்துப் பேச்சை அந்த இடத்திலேயே பதிவு செய்ய வழியில்லை. படம் ஓரிடத்தில் எடுக்கப்படும். குரல் சென்னை டப்பிங் தியேட்டரில் பிறகு ஏறும். நிலமும் பேச்சும் இப்படித் தனித்தனியாகக் கழன்றுகொண்டதால்தான் காவிரிக் கரையின் மீது வைகைக் கரையை ஒட்டவைக்க முடிந்தது. ஒட்டு எங்கே இருக்கிறது என்று பார்வையாளர் யாரும் கேட்கவுமில்லை.

அந்தக் குரலுக்குத் தனியாக ஒரு சரித்திரம் உண்டு, அது சினிமாவுக்கு முந்தியது. 1956 நவம்பர் 1-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, தமிழர் பெரும்பான்மையாக வாழ்ந்த தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. தோட்டத்துக் கூலிகள் தமிழர்கள், சட்டசபை திருவனந்தபுரத்தில். 1957 தேர்தலில் தேவிகுளத்தில் கம்யூனிஸ்ட் கட்சியின் ரோசம்மா புன்னூஸ் வென்றார். எதிர்த்தரப்பு வேட்பாளர் ஒருவரின் மனுவைத் தவறாகத் தள்ளுபடி செய்துவிட்டார்கள் என்ற வழக்கில் அந்தத் தேர்தல் செல்லாமல் போய், 1958-இல் இடைத்தேர்தல் வந்தது. ஈ.எம்.எஸ்.ஸின் கம்யூனிஸ்ட் அரசுக்கு இருந்ததோ மெலிந்த பெரும்பான்மை. ஓர் இடமும் பெரிய விஷயம். மலையாளப் பேச்சு எடுபடாத எஸ்டேட் தொழிலாளர் லயங்களுக்குக் கட்சி அனுப்பியது பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராஜனை. ஆர்மோனியத்தோடு, ஜனங்களுக்குத் தெரிந்த மெட்டில் அரசியலை ஏற்றிப் பாடியவர் அவர். ரோசம்மா மறுபடி வென்றார். அந்த வெற்றியில் பாவலர் பாட்டுக்குப் பெரும்பங்கு உண்டு என்பது கட்சிக்காரர்கள் இன்றும் சொல்கிற செய்தி. பதின்வயதிலேயே அண்ணனின் குழுவோடு மலையேறியவர் ராசய்யா, பின்னாளின் இளையராஜா. களைத்த உடம்போடு வேலை முடித்து வந்து உட்கார்கிற கூட்டத்தை ஒரு மெட்டில் பிடித்து நிறுத்தும் பாடத்தை அவர் படித்தது மலைமேல் இருந்த அந்தக் கூட்டங்களில்தான். பாரதிராஜாவும் பண்ணைப்புரத்துப் பக்கம் வந்தது கலைக்காக அல்ல. மலைக்காய்ச்சலுக்குப் பேர்போன அடிவாரத்தில் மலேரியா ஒழிப்புத் துறையின் ஊழியராக வந்தபோதுதான் பாவலர் சகோதரர்களோடு அவருக்குப் பழக்கம் உண்டாயிற்று. கொசு மருந்துக்கும் தமிழ் சினிமாவில் ஒரு பங்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

‘16 வயதினிலே’ செய்த புரட்சியே கண் சார்ந்ததுதானே, ஸ்டூடியோவின் அட்டைக் குடிசையிலிருந்து கேமராவை வெயிலுக்குக் கொண்டுவந்த படம் அல்லவா என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அது வெயிலுக்கு வந்தது என்பது ஒன்று, இந்த மண்ணுக்கு வந்தது என்பது வேறொன்று. ஏதோ ஒரு வெயில், ஏதோ ஒரு வயல், ஏதோ ஓர் ஆறு இருந்தால் அந்தப் புரட்சிக்குப் போதும். கிராமத்தை இன்ன கிராமம் என்று அடையாளம் காட்டியது பேச்சும் பாட்டும். கலை என்ன நிலஅளவைப் படமா, கதைக்குப் பொருந்தினால் எங்கே எடுத்தால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. இதை நான் பெரிதும் ஒப்புக்கொள்கிறேன். காதலும் மானமும் ஜாதிப் பகையும் தாய்மாமன் உறவும் கதையானால், அவற்றைப் பேச்சு சுமந்துவிடும். கொள்ளேகாலின் தெரு அதற்கு ஒரு குறையும் வைக்காது. ‘முதல் மரியாதை’யைத் தலக்காட்டில் எடுத்ததால் அதில் ஒரு துளியும் கெட்டுப்போகவில்லை. ஆனால் குரலால் சுமக்க முடியாத ஒன்று உண்டு. அது வேலை. ஒரு சரிவு எவ்வளவு செங்குத்து என்பதை டப்பிங்கில் சேர்க்க முடியாது.

இந்த மலையின் ஏலக்காய்த் தோட்ட வேலை திரைக்கு வராமல் போனதன் காரணம் அலட்சியம் மட்டுமல்ல, ஒளியும்தான். தேயிலைக்குத் திறந்த சரிவு வேண்டும். வெட்டிச் சீராக்கிய பச்சை மேடுகளில் வெயில் விழும்போது எந்தக் கேமராவும் அழகாகப் பிடிக்கும். பாட்டுக் காட்சிகள் மூணாறுக்குப் படையெடுத்தது அதனால். ஏலத்துக்கோ காட்டு மரங்களின் நிழல் வேண்டும். செடி ஆளை மறைக்கும் உயரம். காய் காய்ப்பது உச்சியில் அல்ல, தூரில், தரையோடு படர்ந்து கிடக்கும் சரங்களில். காய் எடுக்கிற பெண் இலைக்கு அடியில், ஈர மண்ணில், அட்டைகளுக்கு நடுவே குனிந்தும் குந்தியும் இருப்பாள். முற்றிய காயை மட்டும் விரலால் பார்த்துப் பறிப்பது அவள் திறமை. எடுத்த இடத்தையே 40, 45 நாளில் மறுபடி எடுக்க வேண்டும். பறித்த பச்சைக்காய் ஸ்டோருக்குப் போய்ச் சூட்டில் உலர்ந்தால் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு எடையே மிஞ்சும். இந்த அரையிருட்டில் ஃபிலிம் சுருளை வைத்துப் படமெடுப்பது ஒளிப்பதிவாளருக்குத் தண்டனை. விளைவு, போடி ஏல மையத்தில் விலைபோகிற சரக்கைத் தமிழ்நாடு முழுக்கத் தெரியும். அது செடியில் எங்கே காய்க்கிறது என்று கேட்டால் பாதிப்பேர் மேலே கையைக் காட்டுவார்கள். உழைப்பைச் சொல்ல வந்த படமும் தேயிலைக்கே போயிற்று. 2013-இன் ‘பரதேசி’, பி.எச். டேனியலின் ஆனைமலைத் தேயிலைத் தோட்ட நாவலிலிருந்து பிறந்தது.

கேமரா போடிப் பக்கம் வந்ததற்கு ‘மைனா’ (2010) நல்ல உதாரணம். குரங்கணியில் எடுத்த படம். ஓடை, பள்ளத்தாக்கு, பாதை எல்லாம் அசல். படமும் தகுதியோடு ஓடியது. ஆனால் படம் காட்டுவதுபோல் குரங்கணி வெறும் எட்டாத ஊர் அல்ல. மேலே டாப் ஸ்டேஷனிலிருந்து கண்ணன் தேவன் தேயிலைப் பெட்டிகள் கம்பிவட வழியாகக் கொட்டகுடிப் பக்கம் இறங்கி, அங்கிருந்து போடிக்குப் போன காலம் ஒன்று இருந்தது. 1928-இல் மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்ததும் மலைச்சரக்கை நம்பித்தான். உலகச் சந்தையோடு இப்படிக் கட்டப்பட்டிருந்த ஓர் ஊரைப் படம் உலகமே எட்டாத ஊராக ஆக்கிக்கொண்டது. காதல் கதைக்கு அது வசதி. அசல் இடத்தில் எடுத்தாலே அந்த இடம் படத்துக்குள் வந்துவிடும் என்று நம்புகிற ரசிகர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

2018 ஆகஸ்ட் 24-இல் வெளிவந்த ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ இந்தக் கணக்கை மாற்றியது. லெனின் பாரதி இயக்கம், விஜய் சேதுபதி தயாரிப்பு, தேனி ஈஸ்வர் ஒளிப்பதிவு. அடிவாரத்து மக்கள் பலர் அதில் நடித்தார்கள். கதை ஒரு வரி: சுமை தூக்குகிற ரங்கசாமிக்கு ஒரு துண்டு நிலம் வேண்டும். படத்தின் பெரும்பகுதி நடைதான். மலைப்பாதையில் ஏறுவது, மூட்டையோடு இறங்குவது, மூச்சு வாங்க நிற்பது, மறுபடி நடப்பது. அவன் நம்பிக்கையெல்லாம் சேர்ந்த ஏலக்காய் மூட்டை சரிவில் உருண்டு சிதறுகிற இடத்தில் ஒரு வசனமும் தேவைப்படவில்லை, சரிவே சொல்லிவிடுகிறது. இதைத் தலக்காட்டில் எடுத்திருக்க முடியாது. தோட்டத் தொழிலாளருக்காக நிற்கும் சாக்கோ என்ற மலையாளிக் கம்யூனிஸ்ட்டும் கதையில் இருக்கிறார். இசை இளையராஜா. 1958-இல் தேவிகுளத்துக் கூலிகளுக்காகப் பாடிய குழுவின் பையன், 60 ஆண்டு கழித்து அந்தக் கூலிகளின் படத்துக்கு இசையமைத்தபோது நெடுந்தூரம் பேசாமல் இருந்துகொண்டார். காற்றுக்கும் காலடிக்கும் விட்டுக்கொடுத்த அந்த அடக்கத்தை அவருடைய பெரிய சாதனைகளோடு சேர்ப்பேன்.

ஒரே ஒரு படத்தை வைத்து இப்படி வாதம் கட்டலாமா, விருதுப் படம் என்று ஒதுங்கிப்போனதுதானே அது என்று சொல்வார்கள். வசூலில் பெரிய படம் இல்லை என்பது சரி. நான் அதைத் திருப்புமுனை என்று சொல்லவில்லை. அதைப் பார்த்துப் பத்துப் படம் வரவுமில்லை. அது காட்டியதில்கூட ஒரு பாதி விடுபட்டிருக்கிறது. சுமையும் பாதையும் வந்த அளவுக்குச் செடியடியில் குந்தியிருக்கிற பெண்களின் வேலை வரவில்லை. இப்போது நடை குறைந்து, விடியலில் அடிவாரத்து ஊர்களிலிருந்து ஆட்களை அடைத்துக்கொண்டு ஜீப்புகள் போடிமெட்டு வளைவுகளில் ஏறுகின்றன. உள்ளே இருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஃபிலிம் சுருள் போய் டிஜிட்டல் வந்துவிட்டதால், ஏலத்தோட்டத்து நிழல் இன்றைய கேமராவுக்கு ஒரு தடையே இல்லை. பேச்சையும் அங்கேயே பதிவு செய்துகொள்ளலாம்.