ஒற்றை முதலாளி

தாராபுரத்துக்கு ரயில் கிடையாது. 1799-இல் திப்பு மாண்ட பிறகு கும்பினியார் இந்த ஊரை ஒரு கலெக்டரின் தலைமை ஸ்தலமாக வைத்தார்கள். சில வருஷத்துக்குள் அந்தப் பெருமை கோயமுத்தூருக்குப் போய்விட்டது. பின்னால் வந்த ரயிலும் எங்கள் அமராவதிக் கரையை எட்டிப் பார்க்கவில்லை. ஆகையால் இந்த ஊர்க்காரனான எனக்கு பஸ் முதலாளிகளிடம் தனி மரியாதை உண்டு. கொங்கு நாட்டில் பஸ் என்றதும் ஞாபகத்துக்கு வருகிறவர் ஜி. டி. நாயுடு.

1893-இல் கோவைக்கு அருகே கலங்கல் கிராமத்தில் பிறந்தவர் அவர். படிப்பில் மனம் செல்லவில்லை. ஓட்டலில் சர்வராக வேலை பார்த்துப் பணம் சேர்த்து ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினார். வாங்கியதும் அதைக் கழற்றிப் பார்த்தார்! பிறகு பஞ்சு வியாபாரத்தில் சம்பாதித்ததைப் பம்பாயில் கோட்டை விட்டார். 1920-இல் ஸ்டேன்ஸ் துரை கொடுத்த கடனின் உதவியால் ஒரே ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார்.

அந்தத் தடத்தின் நயத்தைப் பாருங்கள். போத்தனூரிலிருந்து பொள்ளாச்சிக்கு 1915-இல் ரயில் வந்துவிட்டது. அங்கிருந்து பழனிக்கு 1928-இல்தான் வந்தது. முருகனைத் தரிசிக்கப் புறப்பட்டவர்களைப் பாதி வழியில் இறக்கிவிட்டு ரயில் திரும்பிவிடும். அந்த இடைவெளிதான் நாயுடுவின் முதலீடு.

ஆனால் இதில் பணத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. கம்பெனிகளுக்கு 1913-இலேயே சட்டம் இருந்தது. கூட்டு வியாபாரத்துக்கு 1932-இல் தனிச் சட்டம் வந்தது. ஒற்றை முதலாளிக்கோ இன்றுவரை அப்படி ஒரு சட்டம் இல்லை. ஏன் தெரியுமா? சட்டத்தின் கண்ணுக்கு அவர் வேறு, அவருடைய கடை வேறு அல்ல. கம்பெனி முழுகினால் பங்குதாரருக்குப் போவது பங்குப் பணம். ஒற்றை முதலாளி முழுகினால் கடன்காரன் வீட்டுத் திண்ணைக்கே வருவான். வண்டியோடு வீடும் காடும் ஜப்தியாகும். லாபத்தில் பங்கு கேட்க ஆள் இல்லை; நஷ்டத்தைப் பகிர்ந்துகொள்ளவும் ஆள் இல்லை.

பம்பாயில் ஒரு முறை சூடுபட்ட மனிதர் மறுபடியும் கடன் வாங்கத் துணிந்தாரே, அந்தத் துணிச்சலைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். அந்த ஒரு பஸ் யு.எம்.எஸ். என்ற பெரிய ஸ்தாபனமாக வளர்ந்தது. நாயுடு 1974-இல் காலமானார்.

எங்கள் கடைவீதியில் இன்றும் சின்னக் கடை வைக்கிறவர்கள் பெரும்பாலும் ஒற்றை முதலாளிகளே. பெயர்ப் பலகையில் குலதெய்வத்தின் பெயர் இருக்கும். பிள்ளையின் பெயர் இருக்கும். கடன் பத்திரத்தில் மட்டும் அவரவர் சொந்தப் பெயர்தான்.