கீசரின் வயிற்றுக்குள் ஒரு சரித்திரம்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். மார்கழிக் குளிரில் எல்லோர் வீட்டிலும் காலையில் முதலில் போடுவது கீசர் சுவிட்சைத்தான் என்பதால் இப்போதே எழுதிவிடுகிறேன். காபியோடு உட்கார்ந்து படியுங்கள்.

முதலில் அந்தப் பெயர். ஐஸ்லாந்தில் தரையிலிருந்து வானத்துக்குப் பீய்ச்சியடிக்கும் ஒரு வெந்நீர் ஊற்று இருக்கிறது. அதன் பெயர் கெய்சிர். பொங்கிப் பாய்வதைக் குறிக்கும் அந்த நாட்டு வினைச்சொல்லிலிருந்து வந்தது. 1868இல் லண்டனில் பெஞ்சமின் வாடி மாகன் என்பவர், குழாயில் ஓடும் தண்ணீரை எரிவாயுவால் அவ்வப்போது சூடாக்கித் தரும் கருவி ஒன்றைச் செய்து, அந்த ஊற்றின் பெயரையே அதற்கு வைத்தார். மாகன் பொறியாளர் அல்ல. வீடுகளுக்கு வர்ணம் பூசி அலங்காரம் செய்கிற தொழில் அவருடையது. இங்கிலாந்துக்காரர் நாவில் அது கீசர் ஆகி, அப்படியே கப்பலேறி நம் ஊருக்கும் வந்துவிட்டது.

மாகனின் கருவிக்குப் புகைபோக்கி கிடையாது. எரிந்த வாயு குளிப்பவரைச் சுற்றியே நிற்கும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும் என்று வகுப்பில் சொல்லியிருக்கிறேன், நினைவிருக்கும். கொடுமை என்னவென்றால், சிலிண்டரில் ஓடும் கேஸ் கீசரைக் காற்றோட்டம் இல்லாத குளியலறைக்குள் மாட்டி, கதவைச் சாத்திக் குளித்து, மயங்கி விழுந்து இறந்துபோகிறவர்களின் செய்தி இன்றைக்கும் குளிர்காலத்தில் வருகிறது. கேஸ் கீசர் வைத்திருப்பவர்கள் அதைக் குளியலறைக்கு வெளியே, திறந்த இடத்தில் மாட்டுங்கள். இதில் என்னோடு வாதம் செய்ய வராதீர்கள்.

தொட்டியில் தண்ணீரைச் சேர்த்து வைத்துத் தானாகவே சூடாக்கி நிறுத்தும் கருவி 1889இல் வந்தது. செய்தவர் எட்வின் ரூட், நார்வேயிலிருந்து அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகருக்குக் குடியேறியவர். இன்று நம் சுவரில் தொங்குவது அவர் காட்டிய வழியில் வந்ததுதான்.

நம் ஊர்க் கதை வேறு. என் தலைமுறைக்கு வெந்நீர் என்றால் புழக்கடை அடுப்பில் ஏற்றிய தவலை. கொஞ்சம் வசதி இருந்தால் செம்பு பாய்லர். நடுவே நெருப்புக்குழாய், சுற்றிலும் தண்ணீர், அடியில் சாம்பல் தட்டு, பக்கத்தில் ஒரு பித்தளைக் குழாய். கொட்டாங்குச்சியும் கரியும் போட்டுப் பற்றவைத்தால் போதும். தீபாவளிக்கு முந்தின நாள் அதைப் புளி போட்டுத் தேய்த்து, சந்தனம் குங்குமம் வைத்து, தண்ணீர் நிரப்பி வைப்பார்கள். பண்டிகையில் முதல் மரியாதை பலகாரத்துக்கு அல்ல, பாய்லருக்குத்தான்.

அந்தப் பாய்லருக்கும் பழுது வரும். ஓட்டை விழுந்தால் பற்றவைக்கக் கன்னார் கடைக்குப் போகும். சமையல் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுபவர் தெருவிலேயே வருவார். தரையில் சின்னக் குழி, அதில் கரி, ஒரு துருத்தி. பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரத் தூளைத் தூவி, ஈயத்தைத் தேய்த்துப் பஞ்சால் ஒரு சுற்று சுற்றினால் உள்பக்கம் வெள்ளியாய் மின்னும். (அவர்கள் ஈயம் என்று சொன்னது வெள்ளீயத்தை. 232 டிகிரியிலேயே உருகிவிடுவதால்தான் கரி நெருப்பு போதுமானதாக இருந்தது.) வெந்நீரும் பாத்திரமும் நம் வீட்டில் ஒழுங்காக இருந்தது இந்த மனிதர்களால். அவர்களைப் பற்றி எந்தப் பாடப்புத்தகத்திலும் ஒரு வரி நான் நடத்தியதில்லை, ஏனென்றால் அப்படி ஒரு வரியே அதில் இல்லை.

அந்த வேலைக்கு இன்றைய வாரிசு கீசர் மெக்கானிக். என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த ஒருவன் இருபத்தைந்து வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறான். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் முடித்தவன். பெயர் போட்டால் கோபித்துக்கொள்வான், அதனால் விட்டுவிடுகிறேன். போன மாதம் எங்கள் வீட்டு 15 லிட்டர் கீசரைக் கழற்றித் தரையில் பரப்பி வைத்தான். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். அவன் ஒவ்வொரு பாகமாக எடுத்து வைக்க வைக்க, எனக்கு அங்கே முந்நூற்றைம்பது வருடச் சரித்திரம்தான் தெரிந்தது.

முதலில் வந்தது காயில். மின்தடை உள்ள கம்பியில் மின்சாரம் ஓடினால் வெப்பம் பிறக்கும். அது மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர் விகிதத்தில் இருக்கும். ஜூல் இதை 1840களின் தொடக்கத்தில் கண்டுபிடித்தார். ஆனால் சிவக்கச் சிவக்க எரிந்தும் துருப்பிடிக்காத கம்பி கிடைக்க 1906 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு ஆல்பர்ட் மார்ஷ் நிக்கலும் குரோமியமும் கலந்த உலோகத்துக்குக் காப்புரிமை பெற்றார். நிக்ரோம் என்று நீங்கள் படித்தது அந்தக் குடும்பம்தான். செம்புக் குழாய்க்குள் அந்தக் கம்பி, சுற்றிலும் மக்னீசியம் ஆக்சைடு தூள். வெப்பத்தை விடும், மின்சாரத்தை விடாது. எங்கள் காயிலின் மேல் விரல் தடிமனுக்கு வெள்ளைப் பாறை. போர்வெல் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் சூட்டில் சிதைந்து கார்பனேட்டாகப் படிந்தது. இந்தப் பாறை வெப்பத்தைத் தண்ணீருக்குப் போகவிடாது. காயில் உள்ளுக்குள்ளேயே வெந்து, ஒருநாள் வெடிப்பு விடும். வெடிப்பு வழியே தண்ணீர் உள்ளே போகும், மின்சாரம் வெளியே வரும். எர்த் கம்பி ஒழுங்காக இல்லாத வீட்டில் அந்த மின்சாரம் ஷவரில் குளிப்பவரைத்தான் தேடி வரும். 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இல்லாத வீடுகள் இன்னும் எத்தனையோ.

அடுத்து வந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. பென்சில் மாதிரி இருக்க வேண்டிய ஒரு மக்னீசியம் கம்பி, அரித்து அரித்து நடுவில் இரும்புக் குச்சி மட்டும் மிஞ்சியிருந்தது. "இது செத்தாதான் சார் டேங்க் பொழைக்கும்" என்றான். பையன் சொன்ன அந்த ஒரு வரிக்குப் பின்னால் பிரிட்டிஷ் கடற்படையே இருக்கிறது. மரக் கப்பல்களைக் கடல் புழு துளைக்காமல் இருக்க அடியில் செம்புத் தகடு போர்த்துவார்கள். கடல் நீர் அந்தச் செம்பை அரித்தது. 1823இல் ஹம்ப்ரி டேவியிடம் வழி கேட்டார்கள். செம்போடு சிறு துத்தநாகத் துண்டையோ இரும்புத் துண்டையோ சேர்த்துவிட்டால், அது தான் அரிந்து செம்பைக் காப்பாற்றும் என்று அவர் கண்டார். கணக்கு சரி, செம்பு அரிக்கவில்லை. ஆனால் அரிக்கும்போது கரைந்துகொண்டிருந்த செம்புதான் அதுவரை சிப்பிகளுக்கும் பாசிக்கும் நஞ்சாக இருந்தது! கரைவது நின்றதும் கப்பலடி முழுக்க அவை அப்பிக்கொள்ள, கப்பல் ஆமை வேகத்துக்கு வந்துவிட்டது. கடற்படை திட்டத்தைக் கைவிட்டது. பாவம் டேவி. ஆனால் கீசருக்குள் சிப்பி வளராது அல்லவா? அவருடைய யோசனை நம் குளியலறையில் குறையில்லாமல் நடக்கிறது. உப்புத் தண்ணீர் உள்ள ஊர்க்காரர்கள் ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறை அந்தக் கம்பியைப் பார்க்கச் சொல்லுங்கள். அதன் விலை சில நூறு ரூபாய், தொட்டியின் விலை உங்களுக்கே தெரியும்.

தெர்மோஸ்டாட். வெவ்வேறு உலோகங்கள் வெவ்வேறு அளவில் நீளும் என்பதைக் கடிகாரத்துக்குப் பயன்படுத்தியவர் ஜான் ஹாரிசன், 18ஆம் நூற்றாண்டில். தச்சராகத் தொடங்கி, கடலில் தீர்க்கரேகை காணும் கடிகாரம் செய்தவர். 1896இல் குய்யோம் என்ற சுவிட்சர்லாந்து விஞ்ஞானி, சூட்டில் ஏறக்குறைய நீளவே நீளாத இன்வார் என்ற நிக்கல் இரும்புக் கலவையைக் கண்டார்; 1920இல் நோபல் பரிசும் பெற்றார். கீசரின் நீட்டுக்குச்சித் தெர்மோஸ்டாட்டில் வெளியே பித்தளைக் குழாய், உள்ளே இன்வார் குச்சி. குழாய் நீளும், குச்சி நீளாது, அந்த வித்தியாசம் சுவிட்சைத் தட்டும். அதுவும் கெட்டால் காப்பாற்ற இன்னொரு கட்-அவுட் இருக்கும்.

இந்த இடத்தில்தான் விஷயத்துக்கு வருகிறேன். கட்-அவுட் அடிக்கடி விழுந்தால் காரணம் தேடாமல் இரண்டு கம்பியையும் சேர்த்து முறுக்கிவிடுகிற ஆட்கள் உண்டு. அதற்குத் தொழிலில் "டைரக்ட் பண்றது" என்று பெயர். பத்து நிமிட வேலை, உடனே வெந்நீர், வீட்டுக்காரருக்கும் சந்தோஷம். பிறகு தொட்டியின் சூட்டை நிறுத்த யாருமில்லை.

மிச்சம் இருப்பது சேஃப்டி வால்வு ஒன்றுதான். 25 டிகிரியிலிருந்து 75 டிகிரிக்குப் போகும்போது 15 லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு லிட்டர் கூடுதலாக இடம் கேட்கும். அதனால் சூடாகும்போது வால்வில் கொஞ்சம் சொட்டுவது இயல்பு. இந்த வால்வுக்கு அப்பன் டெனிஸ் பாப்பின். 1679இல் லண்டனில் எலும்பை வேகவைக்க ஒரு பாத்திரம் செய்தார். நம் குக்கருக்குப் பாட்டன். வெடிக்காமல் இருக்க அதன் மேல் எடை தொங்கும் வால்வு வைத்தார். அந்தப் பாடம் உலகத்துக்கு எளிதில் ஏறவில்லை. 1905 மார்ச்சில் அமெரிக்காவின் பிராக்டன் நகரில் ஒரு செருப்புத் தொழிற்சாலையின் கொதிகலன் வெடித்துக் கட்டடமே சரிந்து எரிந்ததில் 58 பேர் இறந்தார்கள். அந்நாட்டு இயந்திரப் பொறியாளர் சங்கம் கொதிகலனுக்கு விதிகள் வகுத்தது இப்படிப்பட்ட சாவுகளுக்குப் பிறகுதான். அழுத்தத்தில் அடைபட்ட தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் தண்ணீராகவே இருக்கும். தொட்டி கிழிந்த கணத்தில் ஆவியாகி 1,600 மடங்குக்கு மேல் விரியும். சின்ன கீசருக்கும் அதே இயற்பியல்தான்.

என் மாணவன் ஒரு வீட்டுக்குப் போனபோது இரண்டையும் சேர்த்துப் பார்த்திருக்கிறான். தெர்மோஸ்டாட்டும் கட்-அவுட்டும் டைரக்ட். தரை ஈரமாகிறதே என்று வால்வின் வாயை எம்-சீல் வைத்து அடைத்திருந்தார்கள். இரண்டையும் மாற்றாமல் இணைப்புத் தரமாட்டேன் என்றான். வயதான வீட்டுக்காரர், "இத்தனை நாள் நல்லாத்தானே ஓடிச்சு, காசு பறிக்கிறியா?" என்று சத்தம் போட்டிருக்கிறார். பையன் கம்பியைக் கழற்றி, பிளக்கைத் தனியே எடுத்து அவர் கையில் கொடுத்து, வந்த கூலியும் வாங்காமல் போய்விட்டான். எனக்கு விஷயம் தெரிந்ததும், அதே பெரியவரின் மகனுக்கு, அவனும் என் மாணவன்தான், வெளிநாட்டில் இருக்கிறான், போன் போட்டேன். அன்று ராத்திரியே பணம் அனுப்பினான். இப்போது எல்லாம் புதிது. அப்பாவுக்கு மட்டும் இன்னும் மனசு ஆறவில்லையாம். வால்வுக்குக் கீழே ஒரு மக் வைத்து, தினம் எத்தனை சொட்டு என்று பார்க்கிறாராம். பார்க்கட்டும். சொட்டுகிற வரைக்கும் எனக்கு நிம்மதி.

ரிப்பேர்காரருக்கு உரிமம் எதற்கு என்று கேட்பவர்களுக்காக இன்னொரு செய்தி. 1968 மே மாதம் கிழக்கு லண்டனில் ரோனன் பாயிண்ட் என்ற புத்தம்புது அடுக்குமாடியின் ஒரு மூலை சீட்டுக்கட்டு போலச் சரிந்தது. ஒரு பெண்மணி தேநீர் போட அடுப்பைப் பற்றவைத்ததுதான் தொடக்கம். எரிவாயு இணைப்பில் இருந்த ஒரு பித்தளை நட்டு சரியில்லை. நான்கு பேர் இறந்தார்கள். அதையடுத்து 1970இல் எரிவாயு வேலை செய்பவர்களுக்கு அங்கே ஒரு பதிவேடு தொடங்கியது. முதலில் விருப்பப்பட்டவர்களுக்கு, 1991 முதல் கட்டாயமாக. நம் தமிழ்நாட்டிலும் மின் கம்பியாள் உதவியாளருக்கென்று அரசே தகுதிகாண் தேர்வு நடத்துகிறது. வீட்டுக்கு வருபவரிடம் அந்தச் சான்று இருக்கிறதா என்று கேட்பவரை நான் இதுவரை பார்த்ததில்லை. கூலியில் நூறு குறைப்பாயா என்று கேட்பவர்களைத்தான் பார்த்திருக்கிறேன்.

வெளியூரில், வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளே, ஊரில் அப்பா அம்மா இருக்கும் வீட்டு கீசரை இந்தப் பொங்கலுக்குள் ஒருமுறை திறந்து பார்க்கச் சொல்லுங்கள். எர்த், கட்-அவுட், வால்வு, மக்னீசியம் கம்பி என்று நான்கையும் பெயர் சொல்லிக் கேட்டால் போதும், வருபவர் தெரிந்தவரா இல்லையா என்பது அவர் முகத்திலேயே தெரியும். நம் பையனின் எண் வேண்டுமென்றால் தனிச்செய்தியில் கேளுங்கள். அவனிடம் கேட்டுவிட்டுத் தருகிறேன்.

பிறகு, அந்த ஈயம் பூசுபவர் தெருவில் குரல் கொடுப்பாரே, அது உங்கள் ஊரில் எப்படி இருந்தது என்று நினைவுள்ள பெரியவர்கள் கீழே எழுதுங்கள். என் தங்கை ஒரு ராகத்தில் சொல்கிறாள், நான் ஒரு ராகத்தில் சொல்கிறேன். வீட்டில் இரண்டு நாளாகப் பஞ்சாயத்து நடக்கிறது.